அப்பா நடக்க வைத்த நாய்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் என்னோடு வளர்ந்து இன்னும் மிச்சமிருக்கிற சில பேருக்காக இதை எழுதுகிறேன். போன மாதம் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஓட்டலில் நாமெல்லாம் கூடினோம். ஆளுக்கொரு ஊன்றுகோல், ஆளுக்கொரு மாத்திரை டப்பா. சாப்பாட்டுக்கு முன்னால் ஒருத்தர் மைக்கைப் பிடித்தார். “நம்ம கோட்டர்ஸ்ல ஒரு கிராணி இருந்தாரு. துரையோட நாய்க்குக் கால் விழுந்துபோச்சு. அதைத் தண்ணி வைத்தியம் பண்ணி நடக்க வச்சாரு. வெள்ளைக்கார டாக்டரே கைவிட்ட கேஸு!” என்று முழங்கினார். எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினீர்கள். அந்தக் கிராணியின், ரயில்வே ஆபீஸ் குமாஸ்தாவின், மகள் நான். எழுந்து நின்று கும்பிடுவேன் என்று எதிர்பார்த்தீர்கள். நான் மோர் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஏன் எழுந்திருக்கவில்லை என்று இரண்டு பேர் போன் போட்டுக் கேட்டார்கள். முட்டிவலி என்று சொல்லி வைத்தேன். முட்டிவலி இல்லை. நமக்கு வயதாக ஆக, செத்துப்போன அப்பாக்கள் எல்லோரும் தியாகிகள் ஆகிவிடுகிறார்கள். என் அப்பா தியாகி இல்லை. துரை தும்மினால் கைக்குட்டையை எடுத்து நீட்டுகிற ஆள். அதுவும் தன்னுடைய கைக்குட்டையை.

அந்தக் காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ரப்பர் விலையும் ஈய விலையும் படுத்துவிட்டன. தோட்டத்து ஜனங்களைக் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ரயில்வேயிலும் ஆட்குறைப்பு. இன்று இருக்கிற கிராணி நாளை இருப்பாரா என்று தெரியாது. வேலை போனால் கோட்டர்ஸும் போகும். அதனால் அப்பா பயந்தார் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். எல்லா அப்பாக்களும்தான் பயந்தார்கள். ஆனால் எல்லோரும் பயத்தை இத்தனை ருசித்துச் சாப்பிடவில்லை.

எங்கள் வீட்டுக் கொடியில் வெள்ளைத் துணி காய்ந்து எடுத்தால் சாம்பல் நிறமாக இருக்கும். இன்ஜின் கொட்டகைப் புகை. அம்மா ஒவ்வொரு துணியையும் உதறி, கரித்தூளை ஊதிவிட்டு மடிப்பாள். அப்பாவின் கோட்டை மட்டும் வீட்டுக்குள் காயப்போடுவாள். கரி போட்டு வைத்த இஸ்திரிப் பெட்டி, ஈயம் போன பித்தளை டம்ளர், தக்கைத் தொப்பி மாட்டும் மான்கொம்பு. இப்போது அதில் ஒன்றுகூட யார் வீட்டிலும் இல்லை. மான்கொம்பு துரை தூக்கிப் போட்டது. ஒரு முனை உடைந்திருந்தது. அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார் அப்பா.

எனக்கு ஓர் அக்கா இருந்தாள். அந்தச் சமயத்தில் உங்களில் பாதிப் பேருக்கு அதுவே தெரிந்திருக்காது. நான் தொட்டிலில் கிடந்தபோது அவளுக்குக் கடுமையான காய்ச்சல் கண்டு, காய்ச்சல் போகும்போது இடது காலின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். அந்தக் கால் முருங்கைக்காய் போல மெலிந்து இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நகர்வாள். எங்கள் வீட்டு உட்சுவரில் அவள் கை உயரத்துக்கு எண்ணெய்க் கறை ஒரு கோடாக ஓடும். அவள் உலகம் அந்தக் கோடு முடிகிற இடத்தில், பின்பக்கப் படியில் முடிந்துவிடும்.

அக்காவைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆபீஸில் தனக்கு ஒரே பெண் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். யாராவது வந்தால் பின்னறைக் கதவு சாத்தப்படும். “சின்னவளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை வர வேணாமா? பரம்பரையா நொண்டின்னு பேரு எடுக்கணுமா?” என்பார். என் கல்யாணத்துக்காக அக்காவை அறையில் வைத்தார். எனக்கு அப்போது பால்பல்கூட முழுசாக விழுந்திருக்கவில்லை.

அக்காவுக்கு வைத்தியம் பார்க்கவே இல்லையா என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டு டிரெஸர் மாமா பார்த்தார். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர். வெள்ளைக் கால்சட்டை போட்டதால் வீதிக்கு டாக்டர். அக்காவின் காலைத் தொடக்கூட இல்லை. வாசலில் நின்றபடி எட்டிப் பார்த்து, “நரம்பு செத்துப் போச்சு லா. இனி ஒண்ணும் செய்ய முடியாது” என்றார். அவ்வளவுதான். அவர் சொன்னது அப்பாவுக்கு வசதியாக இருந்தது.

இனி நாய்.

ரயில்வே துரைக்கு ஒரு வேட்டை நாய். தவிட்டு நிறத்தில் வெள்ளைத் திட்டு, தொங்குகிற காது. துரை ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டையும் அதற்கு முன்னால் குடிக்க வேண்டியதையும் முடித்துவிட்டு, தன் காரைத் தானே பின்னுக்கு எடுத்து, தன் நாயைத் தானே இடித்தார். வேலை போனது டிரைவருக்கு. அவன் அப்போது சமையல்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நாயின் முதுகில் அடி. பின்னங்கால் இரண்டும் துவண்டு, முன்னங்காலால் உடம்பை இழுத்துக்கொண்டு போனது. மிருக டாக்டர் துரை வந்து பார்த்து, சுட்டுவிடச் சொன்னார்.

எங்கள் துரை துப்பாக்கியை எடுத்து வந்துவிட்டார். துரைசாணி வராந்தாவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். ஏதோ கையெழுத்து வாங்குவதற்காகப் போயிருந்த அப்பா, படிக்குக் கீழே இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார். நாயைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், தெருவில் வந்தால் கல்லெடுக்க வேண்டும் என்பதுதான். ஆனால் துரைசாணி அழுகிறாள், துரை சங்கடப்படுகிறார், சந்தர்ப்பம் காத்திருக்காது.

“கிவ் இட் டு மீ, சார். ஐ வில் மேக் இட் வாக், சார்” என்றார்.

துரைக்கும் துரைசாணிக்கும் அந்த வாரமே சீமைக்கு நீண்ட லீவில் கப்பல். அவர் தலைவலியை ஒருவன் தானாகக் கையை நீட்டிக் கேட்கிறான். கொடுத்துவிட்டார்.

நாய் எங்கள் வீட்டுக்குக் காரில் வந்து இறங்கியது. வீதியே வெளியே வந்து நின்றது. பின்சீட்டில் நாய், அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா. அவர் மடியில் என் தலையோ அக்காவின் தலையோ இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அன்று முதல் முன்னறையில் மெத்தை போட்டு நாய் படுத்தது. பின்னறையில் பாய் போட்டு அக்கா படுத்தாள். நாய்க்கு ஆட்டெலும்பு சூப். எங்களுக்குக் கருவாடு. காலையில் எழுந்ததும் அப்பா அதன் முன்னால் குனிந்து, “குட் மார்னிங்” என்பார். வீட்டில் யாரிடமும் அவர் அந்தக் குரலில் பேசியதில்லை. அதற்கு ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது, யாருக்கும் வாயில் நுழையவில்லை. “அவங்க சாப்பிட்டாங்களா?” என்று அம்மாவிடம் கேட்பார். அம்மா முதல் நாள், யார் என்று திருப்பிக் கேட்டுவிட்டாள்.

டிரெஸர் மாமா தினமும் வந்தார். அக்காவின் காலைத் தொடாதவர், நாயின் காலை நீட்டினார், மடக்கினார், தட்டினார், களிம்பு தடவினார், பிராந்தி தேய்த்தார். மிச்ச பிராந்தி என்ன ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு நாள், “சீமையில பெரிய மனுசங்க கால் வாதத்துக்கு எங்க போறாங்க தெரியுமா? வெந்நீர் ஊத்துக்கு! நம்ம செலாயாங்ல இருக்கே, வெந்நீர்க் கேணி!” என்றார். அப்பாவின் முகம் மலர்ந்தது. சீமை என்று ஒரு சொல் விழுந்தால் போதும்.

லோரி ஒன்று ஏற்பாடாயிற்று. பின்னால் மெத்தை, மெத்தையில் நாய், நாய்க்கு வெயில் படாமல் குடை பிடிக்க நான். கிளம்புகிற நேரத்தில் பின்பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“அப்பா, நானும் வரட்டா? என் காலையும் அந்தத் தண்ணியில ஒரு தடவை வச்சுப் பாக்கிறேனே.”

“லோரியில எடம் எங்க இருக்கு?” என்றார் அப்பா.

லோரியில் இன்னும் பத்து மூட்டை அரிசி ஏற்றலாம். நான் அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே செலாயாங் வரை போனேன்.

கேணிகளிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. கூமுட்டை நாற்றம். சில மலாய்ப் பெண்கள் சாரோங்கைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் இருந்த மிதமான கேணியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். டிரெஸர் மாமா நேராக நடுக்கேணிக்குப் போனார். “சூடு அதிகம்னா மருந்து அதிகம்” என்றார். ஒரு மலாய்க்கார அம்மா கையை ஆட்டி, “பானாஸ்! பானாஸ்!” என்று கத்தினாள். சுடும் என்கிறாள். படிக்காத பொம்பளை என்றார் டிரெஸர் மாமா. அப்பா தலைப்பக்கமும் மாமா வால்பக்கமும் பிடித்து நாயை இறக்கினார்கள்.

அது போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. உடம்பை முறுக்கித் திரும்பி டிரெஸர் மாமாவின் கையைக் கவ்விவிட்டது. மாமா குதித்தார், வழுக்கினார், வெள்ளைக் கால்சட்டையோடு சேற்றில் உட்கார்ந்தார். கையில் ரத்தம். அப்பா பதறிப்போய், “சாரி, சாரி” என்றார். மாமாவைப் பார்த்து அல்ல, நாயைப் பார்த்து.

அதன்பின் நாயின் அடிவயிற்றில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. மூத்திரமும் அது படுத்த இடத்திலேயே. முன்னறை நாறியது. அப்பா அதனோடு இங்கிலீஷ் பேசுவதை நிறுத்தினார். செத்துப் போனால் துரைக்கு என்ன சொல்வது என்ற கவலையில் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. கடைசியில் மெத்தையைச் சுருட்டி எடுத்துவிட்டு நாயைப் பின்பக்கப் படிக்கு இழுத்து வந்து விட்டார்.

“அவ சும்மாதானே உக்காந்திருக்கா. அவ பாத்துக்கட்டும்” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா நாயைப் பார்த்தாள். நாய் அக்காவைப் பார்த்தது.

“ரெண்டு பேரையும் ஒரே எடத்துல கொண்டாந்து போட்டுட்டாரு” என்று சிரித்தாள். பிறகு, “டேய்” என்றாள். நாய் வாலை அசைக்கப் பார்த்தது. வால் நுனி மட்டும் லேசாக நடுங்கியது. அன்றிலிருந்து அதன் பெயர் டேய்.

முதல் காரியம், அதைக் கழுவ வேண்டும். வீதிக்கொரு குழாய், அதில் பிடித்து வைக்கிற தண்ணீர் வீட்டுக்கே பற்றாது. எங்கள் கோட்டர்ஸுக்குப் பின்னால், லாலாங் புல்லைத் தாண்டி ஒரு குழி இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? பழைய செங்கல் சூளைக்காரர்கள் களிமண் எடுத்த குழி. மழைத் தண்ணீர் நிறைந்து கிடக்கும். வண்டி இறங்கி ஏறிய பக்கம் மட்டும் சரிவாக இருக்கும். பேய் இருக்கிறது என்று நம் அம்மாக்கள் பயமுறுத்தி வைத்ததால் யாரும் போக மாட்டோம். புல் ஆள் உயரம். அங்கே போனால் வீதியிலிருந்து ஒருவருக்கும் தெரியாது. அக்கா வெளியே வர அனுமதி இருந்த ஒரே இடம், யாரும் பார்க்காத இடம்தான்.

நாயைச் சாக்கில் படுக்க வைத்து நான் இழுத்தேன். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தி வந்தாள். வழியெல்லாம் புல் எங்கள் கைகளைக் கீறியது. மத்தியான வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அம்மாவின் பழைய சேலையை நாயின் வயிற்றுக்குக் கீழே தொட்டில் மாதிரி கொடுத்து, அக்கா கரையில் உட்கார்ந்து இரண்டு முனையையும் பிடித்தாள். நான் சிவப்புச் சோப்பைத் தேய்த்தேன். சோப்பு புண்ணில் பட்டதும் டேய் துள்ளி ஆழத்துப் பக்கம் இழுத்தது. சேலையை விடாமல் பிடித்திருந்த அக்கா, களிமண் சரிவில் வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போய்விட்டாள்.

நான் கத்தினேன்.

“ஏய், கத்தாத!” என்றாள் அக்கா. தண்ணீர் அவள் மார்பு வரை இருந்தது. அவள் மூழ்கவில்லை, ஊன்றிக்கொள்ள எதையும் பிடித்திருக்கவும் இல்லை. கையில் சேலை, சேலையில் நாய். அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

“குனிஞ்சு பாரு. என் இடது கால் தரையிலயா இருக்கு?”

குனிந்து பார்த்தேன். காப்பி மாதிரிக் கலங்கிய தண்ணீர். “ஒண்ணும் தெரியல அக்கா.”

“எனக்குத் தெரியுது” என்றாள்.

அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. அந்த நேரத்தில்தான் சேலைக்குள் ஏதோ படபடவென்று அடித்தது. டேயின் பின்னங்கால்கள். ஒழுங்கு இல்லாமல், ஒன்று முந்தி ஒன்று பிந்தி, ஆனால் உதைத்தன.

“உதைக்கிறான் பாரு! டேய், உதைடா!” என்று கூவினாள் அக்கா. கத்தக்கூடாது என்று சற்று முன்பு எனக்குச் சொன்னவள்.

அதன்பின் மழை இல்லாத மத்தியானமெல்லாம் போனோம். வைத்தியம் என்று நினைத்தெல்லாம் போகவில்லை. டேய்க்குத் தண்ணீரில் இருக்கப் பிடித்தது, அக்காவுக்கு நிற்கப் பிடித்தது, எனக்கு அவர்கள் இருவரையும் பார்க்கப் பிடித்தது. மண்பானையில் அரிசி ஊறுகிற மாதிரி ஊறிக் கிடப்போம். அட்டை ஏறும், உப்பு வைத்து உதிர்ப்போம். மழைக்காலத்தில் தண்ணீர் சில்லிட்டுப் பல் கிட்டும். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்குவாள். முதலில் நின்ற இடத்திலேயே நிற்பது. பிறகு குழியின் ஓரமாக, டேய் முன்னால் நீந்த, சேலையைப் பிடித்துக்கொண்டு அக்கா பின்னால். இடது கால் ஒவ்வொரு அடிக்கும் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வரும். ஆனால் திரும்பி வந்தது.

ஒரு நாள் எங்களைத் தேடிக்கொண்டு அம்மா புல்லை விலக்கிக்கொண்டு வந்தாள். மாவு கையோடு அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. திரும்பிப் போய்விட்டாள். மறுநாள் துண்டும் சூடான கஞ்சியும் கொண்டு வந்தாள்.

“அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னடி செய்யிறது?” என்று அக்காவின் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

“தெரியாதும்மா. அவரு பாக்கிறதா இருந்தா நாயைத்தான் பாப்பாரு.”

அம்மா துவட்டிக்கொண்டே இருந்தாள். அம்மாவைப் பற்றியும் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் அந்தத் துண்டுக்காக விட்டுவிடுகிறேன்.

அக்கா சொன்னது சரியாகத்தான் இருந்தது. சுவரில் இருந்த எண்ணெய்க் கறைக்கு மேல் தூசி படிந்து வந்தது. அக்கா சுவரைப் பிடிப்பதில்லை. அடுப்படியிலிருந்து பின்னறைக்குக் கையில் சட்டியோடு நடந்து போவாள், ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து. அப்பா அதே வீட்டில் அதே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒரு சாயங்காலம், கரையிலும் தட்டுத்தடுமாறி நடக்கப் பழகியிருந்த டேய் தானாக முன்னறைக்குள் நடந்து போய், அப்பாவின் சாய்வு நாற்காலியை மோந்து பார்த்து, ஒரு பின்னங்காலில் நின்றுகொண்டு மறு பின்னங்காலைத் தூக்கி, நாற்காலிக் காலில் மூத்திரம் பெய்தது. அப்பா துள்ளி எழுந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “காலைத் தூக்குது! காலைத் தூக்குது!” என்று சந்தோஷத்தில் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்.

வீதியே கூடியது. டிரெஸர் மாமா வந்து நாயை மேலும் கீழும் பார்த்தார். பல்லுக்குப் பயந்து கொஞ்சம் தள்ளியே நின்றார். “நான் சொல்லல? செலாயாங் தண்ணி மெதுவாத்தான் வேலை செய்யும். அது உள்ளுக்குள்ள போயி வேலை செய்யும்” என்றார்.

“இல்ல மாமா, அக்காதான்...” என்று ஆரம்பித்தேன். அப்பா என் தோளைப் பிடித்து இறுக்கினார். விரல் பதிந்த இடம் மறுநாள் நீலமாக இருந்தது.

“எந்த அக்கா?” என்றார் டிரெஸர் மாமா. அவருக்கு உண்மையிலேயே மறந்து போயிருந்தது.

அப்பா பெரிய ஆளாகிவிட்டார். முட்டிவலிக்காரர்களும் இடுப்புப் பிடித்தவர்களும் யோசனை கேட்க வந்தார்கள். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், என்ன சாப்பாடு என்றெல்லாம் சொன்னார். ஒரு நாள்கூட அந்தக் களிமண் குழியை எட்டிப் பார்த்திராத மனிதர். தலைமைக் கிராணி வேலை தனக்குத்தான் என்று அம்மாவிடம் சொன்னார். கோட்டுக்குப் புதுப் பித்தான் தைக்கச் சொன்னார்.

துரை சீமையிலிருந்து திரும்பினார். துரைசாணி கூட வரவில்லை; அவள் அங்கேயே தங்கிவிட்டாள் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டிய டேயும், மாலையும் எலுமிச்சம்பழமும் ஏந்திய அப்பாவும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் குன்றின் மேலிருந்த பங்களாவுக்கு ஏறினோம். வழி முழுக்க அப்பா இங்கிலீஷில் ஒரு பிரசங்கத்தை முணுமுணுத்து மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்.

துரை வராந்தாவில் இன்னொரு வெள்ளைக்காரரோடு உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் பளபளவென்று கறுப்பாக ஒரு புது நாய். கப்பலில் கூடவே கொண்டு வந்ததாம். எங்கள் டேய் படியேறிற்று. பின்பாகம் ஒரு பக்கமாக ஒதுங்கும், ஆனால் நான்கு காலாலும் ஏறியது. துரைக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் பக்கத்திலிருந்தவரிடம், “அட கடவுளே, இது இன்னும் உயிரோடவா இருக்கு!” என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். பிரசங்கத்தை ஆரம்பித்தார். துரை கையை உயர்த்தினார்.

எனக்கு அப்போது இங்கிலீஷ் கொஞ்சம் தெரியும். நொண்டி நாய் வேட்டைக்கு ஆகாது, ஆளை விட்டுச் சுட்டுவிடச் சொல்லு என்றார். ரொம்ப சாதாரணமாக, காப்பி ஆறிவிட்டது என்று சொல்கிற மாதிரி.

“யெஸ் சார். தேங்க் யூ, சார்” என்றார் அப்பா.

எதற்கு நன்றி சொன்னார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மாலையை யார் கழுத்தில் போடுவது என்று தெரியாமல் நாற்காலிக் கையில் தொங்கவிட்டு வந்தார். கீழே இறங்கும்போது நான், “அப்பா, டேயை நிஜமாவே சுடப் போறாங்களா?” என்று கேட்டேன்.

“பெரியவங்க சொன்னா ஒரு காரணம் இருக்கும். பேசாம வா.”

மறுநாள் காலை, சரக்கு ஷெட்டின் ஜாகா துப்பாக்கியும் கயிறுமாக எங்கள் வாசலுக்கு வந்தார். தாடிக்கார சீக்கியர், ராத்திரிக் காவல் முடிந்து, தூங்காத கண்ணோடு வந்திருந்தார். நாய் எங்கே என்று மலாயில் கேட்டார். அப்பா பின்பக்கத்தைக் காட்டினார். நான் அழுத அழுகையில் அக்கம்பக்கத்தார் வெளியே வந்துவிட்டார்கள். டிரெஸர் மாமா பல் துலக்கிக்கொண்டே வந்து நின்றார். ஜாகா டேயின் கழுத்தில் கயிற்றை மாட்டி, வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு இழுத்து வந்தார். டேய் போக மறுத்து உட்கார்ந்தது.

அப்போது பின்னறைக் கதவு திறந்தது.

அக்கா முன்னறை வழியாக நடந்து வந்தாள். சுவரைத் தொடவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து, இடது காலை வெளியே வீசி வீசி, அவசரப்படாமல் வந்தாள். அப்பாவின் நாற்காலியைத் தாண்டினாள். நிலைப்படியைத் தாண்டினாள். வாசல் படியிறங்கி வெயிலில் நின்றாள். வீதியே திரும்பிப் பார்த்தது.

“யாரு இந்தப் பொண்ணு?” என்றார் டிரெஸர் மாமா, வாயில் நுரையோடு.

“நான் இவரோட மூத்த பொண்ணு” என்றாள் அக்கா. பிறகு ஜாகாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். “கயித்தைக் குடுங்க. இது என் நாய்.”

ஜாகாவுக்குத் தமிழ் தெரியாது. நீட்டிய கை தெரிந்தது. அப்பாவைப் பார்த்தார். வீதியும் அப்பாவைப் பார்த்தது. நானும் பார்த்தேன். அவர் முகத்தில் முதலில் திகில் வந்தது. அடுத்து வெட்கம் வரும் என்று காத்திருந்தேன். என் அப்பாதானே, கொஞ்சமாவது வரும் என்று நம்பினேன்.

அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“பாத்தீங்களா?” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “நாய்க்கு மட்டுமா செஞ்சேன்? என் மகளுக்கும் அதே தண்ணி வைத்தியம்தான். முழுசா குணமாகட்டும், அப்புறம் சொல்லலாம்னு யாருக்கும் சொல்லாம வச்சிருந்தேன்.”

கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்தாள். டிரெஸர் மாமா நுரையைத் துப்பிவிட்டு, “செலாயாங் தண்ணி!” என்றார். அக்கா செலாயாங்கைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. லோரியில் இடம் இல்லை என்று விட்டுவிட்டுப் போனவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

அத்தனை பேர் முன்னால், மகளைக் குணமாக்கிய தகப்பன், அவள் கேட்கிற நாயைச் சுடச் சொல்ல முடியுமா? “துரைகிட்ட நான் பேசிக்கிறேன்” என்று கம்பீரமாகக் கையை வீசினார். ஜாகா கயிற்றை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனார். துரையிடம் அப்பா பேசவே இல்லை. துரை கேட்கவும் இல்லை. தலைமைக் கிராணி வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று. அவருடைய பையன் டென்னிஸில் துரைக்குப் பந்து பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து அக்காவைக் கூட்டிக்கொண்டு போகாத இடம் இல்லை. கோயில், கல்யாண வீடு, கருமாதி வீடு. கூடவே டேயும். கொஞ்சம் ஆள் சேர்ந்ததும், “நடந்து காட்டும்மா” என்பார் அப்பா. அக்கா நடப்பாள். அவர் கதையை ஆரம்பிப்பார். ஒவ்வொரு தடவையும் கதை வளர்ந்தது. மிருக டாக்டர் துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார் என்ற கட்டம்வரை போயிற்று. எனக்கு உடம்பெல்லாம் எரியும். அக்கா வாய் திறக்க மாட்டாள். நீங்கள் கைதட்டிய கதை அப்படி உண்டானதுதான். காலப்போக்கில் அதிலிருந்து அக்கா உதிர்ந்து, நாய் மட்டும் மிஞ்சிவிட்டது.

டேய் பல்லெல்லாம் போகிற வரை எங்களோடு இருந்து செத்தது. அப்பாவின் நாற்காலியை மட்டும் அது கடைசிவரை விட்டுவைக்கவில்லை. அக்கா அந்தக் கல்யாண வீடுகளில் ஒன்றில்தான் ஒரு தையல் டீச்சரம்மாவைப் பார்த்துப் பழகினாள். அந்த அம்மா கிள்ளானுக்குக் கூட்டிப் போய்த் தொழில் கற்றுக் கொடுத்தார். அங்கேயே கடை வைத்தாள். அங்கேயே ஒரு நல்ல மனுஷனைக் கட்டினாள். கால் கடைசிவரை வீசித்தான் நடந்தது. அதை அவள் சேலைக்குள் மறைத்ததும் இல்லை.

அப்பா செத்துக் கருமாதி முடிந்த கையோடு நான் கிள்ளானுக்குப் போயிருந்தேன். கருமாதியிலும் யாரோ அதே கதையைச் சொல்லியிருந்தார்கள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அக்கா மெஷினில் யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு தடவையாவது வாயைத் திறந்து இது பொய்னு சொல்லியிருக்கலாமில்ல? எத்தனை வருஷம், எத்தனை பேரு முன்னால நின்னுருக்க!”

அக்கா மெஷினை நிறுத்தினாள்.

“சொன்னா என்ன செய்வாரு? மறுபடி உள்ள வச்சுக் கதவைச் சாத்துவாரு. அந்தப் பொய்யைச் சொல்லணும்னா அவருக்கு நான் பக்கத்துல வேணும்டி. அதுக்காகத்தானே எல்லா எடத்துக்கும் கூட்டிக்கிட்டுப் போனாரு?”

“அதுக்காக அவரு பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு நின்னியா?”

“யாரு கேட்டா?” என்றாள் அக்கா, மறுபடி மெஷினை மிதித்துக்கொண்டே. “அவரு பேசிக்கிட்டு இருந்தாரு. நான் ஊரைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”